வேலைக்கு வெளியே கோடிங் பழக, முதலில் ஒரு ஆளைப் பிடியுங்கள்

குழித்துறையில் ரயில் ஏறி, கழக்கூட்டத்தில் இறங்கி, திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐடி வளாகத்துக்கு ஓடும் நம்மூர்த் தம்பி தங்கைகள் கேட்பது இதுதான்: "அக்கா, ஆபீஸில் இன்னும் பழைய ஜாவா 8 பதிப்புதான். புதுசை எப்படிப் படிப்பது?"

வீடியோவைத் திறக்கும் முன் ஒரு ஆளைப் பிடியுங்கள். நீங்கள் எழுதியதை தினமும் பயன்படுத்தி, தப்பு வந்தால் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள். எனக்கு அது அருமனையில் ரப்பர் வைத்திருக்கும் சித்தப்பா. என்றைக்குப் பால் வெட்டு, என்றைக்கு மழை, எத்தனை ஷீட், ஒட்டுப்பால் எத்தனை கிலோ, வெட்டுகிறவருக்கு எவ்வளவு கூலி என்று நோட்டில் எழுதுவார். அதையே சின்ன ஆப்பாக எழுதினேன்.

அந்த நோட்டுக்குள் ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. கூலியை டபுள் என்ற எண் வகையில் வைக்கக் கூடாது, அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். தசமத்தைப் பிசகாமல் வைக்கும் பிக்டெசிமல் ஏன் வேண்டும் என்பது அங்கே புரியும். தோட்டத்தில் சிக்னல் இல்லை. போனில் சேமித்து வீட்டுக்கு வந்தபின் அனுப்ப வேண்டும். அதே நாளைச் சித்தியும் திருத்தியிருந்தால் எதை வைப்பது? பெயர் வரிசை இன்னொன்று. சாதாரண சார்ட், ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள யூனிகோட் எண்ணைப் பார்த்தே வரிசைப்படுத்தும். யூனிகோடில் 'ந'வை அடுத்தே 'ன' இருப்பதால் கனகம் முன்னால் வந்து கமலம் பின்னால் போவார். நம் அகரவரிசையில் கமலம்தான் முதலில். ஐசியு (ICU) என்ற ஆயத்த கோட் நூலகத்துக்கு இந்த வரிசை தெரியும். பயிற்சிக்கென்று எல்லோரும் எழுதும் டூ-டூ லிஸ்டில் இதில் எதுவும் எதிர்ப்படாது.

ஜாவாவின் புதுப் பதிப்பு 2018 முதல் மார்ச், செப்டம்பர் என்று ஆறு மாதத்துக்கொரு முறை வருகிறது. எல்லாவற்றையும் துரத்த வேண்டாம். ஒவ்வொரு பெரிய புது அம்சத்துக்கும் ஜெப் (JEP) என்றொரு ஆவணம் உண்டு. அதில் 'ஏன் இது' என்று சொல்லும் மோட்டிவேஷன் பகுதியை மட்டும் காலை வண்டியில் நின்றுகொண்டே போனில் வாசிக்கலாம். பிறகு உங்கள் ஆப்பில் ஒரே ஒரு இடத்தை மாற்றிப் பாருங்கள். 2021-இல் ஜாவா 16-இல் நிலைத்த ரெக்கார்ட் (தகவலை மட்டும் சுமக்கும் சின்ன கிளாஸ்), தினப் பதிவுக்கு அச்சாகப் பொருந்தியது; கையால் எழுதிவைத்த கெட்டர், ஈக்குவல்ஸ் மெத்தட்கள் எல்லாம் கழன்று போயின. ஆயிரக்கணக்கான வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்ட உதவும் ஜாவா 21-இன் விர்ச்சுவல் த்ரெட்டையும் போட்டுப் பார்த்து எடுத்துவிட்டேன், ஏனென்றால் இரண்டு பேர் பயன்படுத்தும் ஆப்புக்கு அது வேண்டாம். எங்கே வேண்டாம் என்று தெரிவதை நான் பெரிய அறிவாக நினைக்கிறேன்.

டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் அடிப்படைக்கு ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் (NPTEL) ஆன்லைன் வகுப்புகள் போதும். பார்க்கக் காசில்லை, தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

இவை எதையும் ஆபீஸ் லேப்டாப்பில் செய்யாதீர்கள். உங்கள் பணி ஒப்பந்தத்தில் சொந்த கோடிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

வீட்டில் ரப்பர் இல்லையென்றால் தேன்பெட்டி வைத்திருக்கும் மாமா இருப்பார், சீட்டு நடத்தும் அத்தை இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய நோட்டைக் கேட்டு வாங்கி, அதில் பக்கத்தின் மேலே போட்டிருக்கும் தலைப்புகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் டேட்டாபேஸின் முதல் டேபிள்.