வாரம் முழுவதற்கும் அரை சமையல்: ஃப்ரீசரில் எதை வைப்பது, எப்படி வைப்பது

ஞாயிற்றுக்கிழமை வைத்த சாம்பாரை ஃப்ரீசரில் போட்டுப் புதன்கிழமை சூடாக்கினால் கத்தரிக்காய் கூழாகியிருக்கும், உருளைக்கிழங்கு பஞ்சு போல ஆகியிருக்கும், தாளிப்பு வாசனை அடங்கியிருக்கும். "பழைய குழம்பா?" என்று வீட்டில் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். அதே சாம்பாருக்கான பருப்பும் புளிக்கரைசலும் மட்டும் ஃப்ரீசரில் இருந்து வந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வேலை நாளில் நேரத்தைத் தின்பது வெங்காயம் உரித்து வதக்குவது, பருப்பு வேகக் காத்திருப்பது, கடலை ஊறப்போட மறந்துவிடுவது, தேங்காய் துருவுவது. காய் நறுக்கவும் தாளிக்கவும் கால் மணி நேரம் போதும், அவற்றை அன்றன்றைக்கே செய்வதுதான் ருசி. அதனால் இங்கே முன்கூட்டிச் செய்வது நேரம் பிடிக்கும் பாதியை மட்டும். அளவுகள் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு.

முதலில் உங்கள் ஃப்ரீசர்

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஐஸ்கிரீமைப் பாருங்கள்: கரண்டி சிரமமில்லாமல் இறங்கினால் குளிர் போதவில்லை. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் பெட்டி சின்னது, திறக்கும்போதெல்லாம் குளிர் வெளியேறும், ஐஸ் கட்டிக்கொண்டால் இடமும் குறையும். அதில் மசாலா, தேங்காய், புளி மூன்றோடு நிறுத்திக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. கீழே சொல்லும் முழுப் பட்டியலுக்கும் 50 லிட்டர் அளவு தனி ஃப்ரீசர் உள்ள இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வேண்டும்.

அதிலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்கக் கூடாது. 50 லிட்டர் ஃப்ரீசர் ஒரு நாளில் ஒழுங்காக உறைய வைப்பது ஏறக்குறைய 2 கிலோதான். அதற்கு மேல் வைத்தால் உறைதல் மெதுவாகும். மெதுவாக உறையும்போது பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து காயின், கறியின் செல்களைக் கிழித்துவிடும். எடுத்து வைக்கும்போது தண்ணீர் விட்டுத் துவண்டு போவதன் காரணம் அதுதான். ஏற்கெனவே உறைந்திருக்கும் பொருள்களும் இளகும். ஆகவே சனிக்கிழமை மசாலா, தேங்காய். ஞாயிற்றுக்கிழமை பருப்பு, கடலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வெங்காயம் தக்காளி மசாலா

இது ஒன்றைச் செய்து வைத்தாலே வாரத்தின் பாதி வேலை முடிந்தது. சன்னா மசாலா, முட்டைக் குழம்பு, கோழிக் குழம்பு, குருமா எல்லாவற்றுக்கும் அடி இதுவே.

பெரிய வெங்காயம் 1 கிலோ, தக்காளி 1 கிலோ, எண்ணெய் 150 மில்லி, இஞ்சி பூண்டு விழுது 4 மேசைக்கரண்டி, மஞ்சள் தூள் 1 தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி. தக்காளியில் சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளி சீக்கிரம் சுண்டும். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம். பத்து நிமிடம் கூடப் பிடிக்கும், ருசி அதில்தான்.

அகலமான, அடி கனத்த வாணலி முக்கியம். குறுகலான பாத்திரத்தில் ஒரு கிலோ வெங்காயத்தைப் போட்டால் அது வதங்காது, தன் நீரிலேயே வேகும். இனிப்புத் தட்டுமே தவிர வறுத்த வாசனை வராது. பெரிய வாணலி இல்லையென்றால் இரண்டு தடவையாக வதக்குங்கள். வெங்காயத்தை ஒரே தடிமனில் மெல்லிசாக நறுக்கி, எண்ணெய் காய்ந்ததும் உப்போடு போட்டு, பெரிய தீயில் நீர் வற்றும்வரை 10 நிமிடம். பிறகு மிதமான தீயில் பொன்னிறமாகும்வரை 15 முதல் 20 நிமிடம். கருஞ்சிவப்பு வரை போக வேண்டாம், பிறகு குழம்பில் கசக்கும். இஞ்சி பூண்டு விழுதைச் சேர்த்துப் பச்சை வாசனை போனதும் தக்காளியும் மஞ்சளும். ஓரங்களில் எண்ணெய் பிரியும்வரை சுண்ட விட வேண்டும்.

பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். பொறுமை போய்ப் பாதியில் இறக்கினால் மசாலாவில் நீர் தங்கிவிடும். ஃப்ரீசரில் அது பனியாகப் பிரிந்து, இளகும்போது ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் சக்கையுமாக நிற்கும். தராசு இருந்தால் சந்தேகமே வேண்டாம்: இந்த அளவுக்கு முடிவில் சுமார் 1 கிலோ வர வேண்டும். 1.3 கிலோ இருந்தால் இன்னும் அடுப்பில் வேலை இருக்கிறது.

மிளகாய்த்தூள், கரம் மசாலா எதுவும் இப்போது சேர்க்காதீர்கள். ஒரே அடி பல குழம்புக்குப் போக வேண்டும் என்பது ஒரு காரணம். கிராம்பு, மிளகு போன்றவற்றின் காரம் ஃப்ரீசரில் நாள்பட நாள்படத் தூக்கலாகி, சில சமயம் கசப்பும் தட்டும் என்பது இன்னொன்று. மைய அரைக்க விரும்பினால் நன்றாக ஆறிய பிறகே மிக்ஸியில் போடுங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளி, சுவரெல்லாம் மசாலாவாகும்.

200 கிராம் வீதம் 5 பங்கு. ஒரு பங்கு ஒரு வேளைக் குழம்புக்குச் சரி. 3 மாதம் வரை ருசி மாறாது.

பருப்பும் கடலையும்

துவரம் பருப்பு 400 கிராமைக் கழுவி, 1 லிட்டர் தண்ணீர், மஞ்சள், ஒரு சொட்டு விளக்கெண்ணெய் சேர்த்துக் குக்கரில் 4 அல்லது 5 விசில். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, பருப்பு நுரைத்து வால்வை அடைக்கும். உப்பு வேண்டாம். கெட்டியாக வைப்பதே இடத்துக்கு லாபம், தண்ணீரைச் சமைக்கும் அன்று சேர்த்துக்கொள்ளலாம். 4 பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 300 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். நான்கு பேருக்கான ஒரு சாம்பாருக்கு அது போதும். இளகும்போது பருப்பு திப்பித்திப்பியாகப் பிரிந்து தெரியும். கெட்டுப் போகவில்லை, சூடாக்கி மத்தால் ஒரு கடை கடைந்தால் சேர்ந்துகொள்ளும்.

கொண்டைக்கடலை 500 கிராமை 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் உப்போடு வேக வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து 15 நிமிடம். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் உருவம் கலையக் கூடாது. சோடா உப்பு போட்டால் தோல் கழன்று, ஃப்ரீசருக்குப் போய் வந்த பிறகு மாவாகிவிடும். வெந்த கடலை 1.1 கிலோவுக்குக் குறையாமல் வரும், 4 பங்கு. குழம்புக்கானதை வெந்த நீர் கொஞ்சம் சேர்த்தே அடையுங்கள். சுண்டலுக்கானதை மட்டும் நீரை வடித்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி உறைய வைத்துப் பிறகு கவரில் கொட்டினால் உதிரியாகக் கிடைக்கும். ஒரு கைப்பிடி வேண்டுமானாலும் எடுக்கலாம். காராமணி, ராஜ்மா, பச்சைப் பட்டாணிக்கும் இதே முறை. ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் நிறுத்தவே கூடாது. சரியாக வேகாத ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.

சின்னச் சாமான்கள்

தேங்காயை உடைத்ததும் முகர்ந்து, கொஞ்சம் தின்று பாருங்கள். சிக்கு வாசனை அடிக்கும் காய் ஒன்று கலந்தால் மொத்தத் துருவலும் பாழ். துருவலைக் கவரில் மெல்லிசாகப் பரப்பி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக் கையால் உதிர்த்து மறுபடி வைத்தால் கட்டியாகாது. பொரியலுக்கு அப்படியே தூவலாம். அரைப்பதற்கு மட்டும் வெந்நீர் விடுங்கள். குளிர்ந்த தேங்காயில் கொழுப்பு இறுகியிருப்பதால் பால் விடாமல் திரிதிரியாக அரைபடும். தேங்காய்ப் பாலை உறைய வைத்தால் பிரியும். குழம்புக்குப் பரவாயில்லை, சொதிக்கு அழகிருக்காது.

புளி 100 கிராமை 300 மில்லி வெந்நீரில் அரை மணி ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி ஐஸ் ட்ரேயில் ஊற்றுங்கள். எத்தனை கட்டி வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். எலுமிச்சை அளவுப் புளி என்பது 25 கிராம் வாக்கில், ஆகவே மொத்தக் கட்டிகளில் கால் பங்கு ஒரு சாம்பாருக்கு.

இஞ்சி பூண்டு விழுதும் ஐஸ் ட்ரேயில்தான், ஒரு குழிக்கு ஒரு மேசைக்கரண்டி. பூண்டு சில சமயம் பச்சை நிறமாகும், அதனால் தீங்கில்லை. ஆனால் பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து அடுக்களை மேடையில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத அந்தச் சூழலில்தான் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளரும், நச்சு இருப்பது வாசனையில் தெரியாது.

உரித்த சின்ன வெங்காயத்தையும் பச்சையாக உறைய வைக்கலாம். மொறுமொறுப்பு போகும், சாம்பாருக்கு அது ஒரு குறையில்லை. இரண்டு கவர் போட்டு மூடாவிட்டால் ஐஸ்கிரீமும் வெங்காய வாசனை அடிக்கும், பிள்ளைகளிடம் பேச்சு வாங்குவீர்கள்.

காய்கள்

பச்சைக் காயை அப்படியே ஃப்ரீசரில் போட்டால் அதிலுள்ள நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்து நிறம், ருசி இரண்டையும் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் கொதிநீரில் போட்டு எடுப்பது. அரை கிலோ காய்க்கு 4 லிட்டர் கொதிக்கும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் காய் போட்டதும் கொதி அடங்கிவிடும். பட்டாணி ஒன்றரை நிமிடம், சிறு துண்டுக் கேரட் 2 நிமிடம், பீன்ஸ், காலிஃபிளவர் 3 நிமிடம். எடுத்த உடனே அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில். பிறகு துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும்.

உருளைக்கிழங்கு, வெள்ளரி, பூசணி, சுரை, முள்ளங்கி, கத்தரி எதுவும் வேண்டாம். வேகவைத்த முட்டையின் வெள்ளை ரப்பராகும். தயிர் சேர்த்த மோர்க்குழம்பு திரிந்துபோகும். இட்லி மாவை உறைய வைத்தால் புளிப்பு ஏற்றும் நுண்ணுயிர்கள் பலவும் செத்து, இட்லி தட்டையாக வரும். அதைவிட இட்லியாகவே ஊற்றி ஆறவைத்து உறைய வைப்பது மேல். இளக்காமல் நேராக இட்லிப் பானையில் வைத்து 8 நிமிடம் ஆவி காட்டினால் பஞ்சாக இருக்கும்.

கறி, மீன்

கோழியைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம், கிருமி தொட்டியெங்கும் தெறிக்கும். ஒரு வேளைக்கு அரை கிலோ என்று பிரித்துத் தட்டையாக அடையுங்கள். மஞ்சள், இஞ்சி பூண்டு தடவியே வைக்கலாம். தயிரை மட்டும், கோழியை வெளியே எடுக்கும் அன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இளக்குவது முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள் வைத்து. மேல்தட்டில் வைத்தால் ரத்தநீர் தயிரிலும் கீரையிலும் சொட்டும். அவசரமென்றால் மூடிய கவரோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றுங்கள். மேடையில் காலையில் வைத்துவிட்டு அலுவலகம் போவது கூடவே கூடாது. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்கள் 2 மாதத்தில் சிக்கு வாசனை பிடிக்கும்.

ஆறவைத்து அடைப்பது

சமைத்தது 2 மணி நேரத்துக்குள் ஆறிக் குளிருக்குள் போய்விட வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குக்கரோடு விட்டால் பருப்பு நான்கு மணி நேரமானாலும் நடுவில் வெதுவெதுவென்றே இருக்கும். அகலமான தாம்பாளத்தில் ஊற்றி, அடியில் குளிர்ந்த நீர் வைத்துக் கிளறிவிட்டால் அரை மணியில் ஆறும்.

ஜிப் கவரின் வாயை வெளிப்பக்கம் மடித்து ஒரு டம்ளருக்குள் நிறுத்தி நிரப்பினால் விளிம்பில் ஒட்டாது. காற்றை வெளியேற்றி, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் தட்டையாக்கித் தட்டின் மேல் படுக்க வைத்து உறைய விடுங்கள், பிறகு புத்தகம் போல நிறுத்தி அடுக்கலாம். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், பாதி வேண்டுமானால் உடைத்தும் எடுக்கலாம். உள்ளே காற்று தங்கினால் மேற்பரப்பு வறண்டு வெளுத்துப்போகும். கண்ணாடி டப்பாவில் மேலே 2 சென்டிமீட்டர் இடம் விடுங்கள், தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும்.

பெயர், தேதி, உப்பு உண்டா இல்லையா என்பதை நிரப்பும் முன்பே எழுதுங்கள், ஈரக் கவரில் மார்க்கர் பிடிக்காது. உறைந்த பிறகு புளியும் மசாலாவும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சமைக்கும் மாலை

சாம்பாருக்குப் பருப்புக் கவரை அப்படியே வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் போட்டால் கவரிலிருந்து கழன்று வரும். ஒரு பக்கம் காயைச் சாம்பார் பொடி, உப்போடு வேகவிட்டு, வெந்ததும் புளிக்கட்டிகளைப் போடுங்கள். புளி முன்னால் போனால் காய் வேகாது. பச்சை வாசனை போனதும் பருப்பைச் சேர்த்து நடுப்பாகமும் தளதளவென்று கொதிக்கும்வரை விட்டு, தாளிப்பைக் கொட்டி இறக்குங்கள். மொத்தம் 20 முதல் 25 நிமிடம். மசாலாவை இளக்கவே தேவையில்லை; வாணலியில் கொஞ்சம் எண்ணெயும் கால் டம்ளர் தண்ணீரும் விட்டு, கட்டியாகவே போட்டு மூடினால் 5 நிமிடத்தில் கரையும். சூடான எண்ணெயில் மட்டும் நேராகப் போடாதீர்கள், பனி பட்டு வெடித்துத் தெறிக்கும். மீந்த குழம்பை மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்பாமல் மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

மின்வெட்டு நீண்டால் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். நெருக்கமாக நிரம்பிய பெரிய ஃப்ரீசர் மூடியே இருந்தால் 48 மணி நேரம் வரை, பாதி நிரம்பியது 24 மணி நேரம் வரை குளிரைத் தாங்கும். ஃப்ரிட்ஜின் மேலுள்ள சின்னப் பெட்டிக்கு இதைவிடக் குறைவாகவே கணக்கிடுங்கள். ஊருக்குப் போகும் முன் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் போய்க் கிடந்தால் நடுவில் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. கறி, மீன், பருப்பு எதையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.