ஹெப்ரிடிஸ் தீவுகளுக்குப் படகில்: முதல்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன அவுட்டர் ஹெப்ரிடிஸ் தீவுகள். புதிதாகப் போகிறவர்கள் முதலில் அழகான விடுதியாகப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, பிறகு படகைத் தேடுகிறார்கள். அங்கே அது செல்லாது. படகு அட்டவணைதான் பஞ்சாங்கம். மற்றதெல்லாம் அதைப் பார்த்து நாள் குறிக்க வேண்டியவை.

1. வழியை முடிவு செய்யுங்கள்

கிளாஸ்கோவிலிருந்து ஓபன் துறைமுகத்துக்கு ரயில் இருக்கிறது. சுமார் மூன்று மணி நேரம். ஓபனிலிருந்து பாரா தீவின் காசில்பேக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரக் கடல் பயணம். பாராவின் வடகிழக்கிலிருந்து எரிஸ்கே தீவுக்குப் படகில் 40 நிமிடம். அங்கிருந்து சவுத் யூயிஸ்ட், பென்பெக்யூலா, நார்த் யூயிஸ்ட் வழியாக பெர்னரே வரை கடல் மேல் போட்ட சாலைகள் தீவுகளை இணைத்துவிட்டன, படகே வேண்டாம். பெர்னரேயிலிருந்து ஹாரிஸின் லெவர்பர்க்குக்குப் படகில் ஒரு மணி நேரம். ஹாரிஸும் லூயிஸும் பெயரில்தான் இரண்டு, நிலம் ஒன்றுதான். கடைசியாக லூயிஸின் ஸ்டோர்னோவேயிலிருந்து உல்லாபூலுக்குப் படகேறினால் மீண்டும் பெருநிலம்.

ஆக, நான்கே படகுகள். தெற்கிலிருந்து வடக்கே போவதையே நான் சொல்வேன். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் சைக்கிளில் போகிறவர்களுக்கு அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். மற்றவர்களுக்கும் ஒரு காரணம் உண்டு: கடைசிப் படகு ரத்தானால் மாட்டிக்கொள்ள ஸ்டோர்னோவேயைவிட நல்ல இடம் இல்லை. ஊர் பெரியது, விமான நிலையமும் இருக்கிறது.

2. டிக்கெட்

இந்தப் படகுகளை நடத்துவது கால்மேக் நிறுவனம். நான்கு படகுகளுக்கும் சேர்த்து வாங்கும் 'ஹாப்ஸ்காட்ச்' டிக்கெட் 31 நாள் செல்லும். கார் கொண்டுபோனால், கோடைக்கால அட்டவணை திறந்தவுடனே இடம் பிடித்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கார்த்தளம் சீக்கிரம் நிரம்பிவிடும். வண்டியில்லாமல் ஏறுபவர்களுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை.

3. ஞாயிற்றுக்கிழமையை எங்கே வைப்பது?

பலர் கோட்டைவிடும் இடம் இது. லூயிஸும் ஹாரிஸும் கட்டுப்பாடான புராட்டஸ்டன்ட் பகுதிகள். ஞாயிறு ஓய்வு நாள். ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிறன்று படகு விடத் தொடங்கியதே 2009இல்தான், அதுவும் எதிர்ப்புக்கிடையே. இன்றும் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், பஸ் ஓடாது. பாராவும் சவுத் யூயிஸ்டும் கத்தோலிக்கத் தீவுகள் என்பதால் அங்கே கெடுபிடி குறைவு. ஆனாலும் ஞாயிறன்று பஸ்ஸை நம்ப வேண்டாம். அந்த நாளை லஸ்கென்டைர் போன்ற ஒரு கடற்கரைக்கு ஒதுக்கி, சாப்பாட்டைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. நாள் கணக்கு

ஒரு வாரத்துக்குக் குறைவாகப் போவது வீண். பாராவில் இரண்டு இரவு வையுங்கள். அங்கே ஓடுபாதையே கடற்கரை மணல்தான்; அலை வற்றும் நேரம் பார்த்து விமானம் இறங்குவதைக் காண அரை நாள் செலவிடலாம். லூயிஸில் ஏறக்குறைய 5,000 ஆண்டுப் பழமையான காலனிஷ் நெடுங்கற்களுக்கு ஒரு நாள்.

இப்போது விடுதிகளைப் பதிவு செய்யலாம்.

5. கடலுக்கென்று ஒரு நாள்

பலத்த காற்றில் படகுகள் ரத்தாகும், கோடையிலும்கூட. லெவர்பர்க் படகு பாறைகளுக்கும் மணல் திட்டுகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து போவது. கடல் மிகவும் வற்றினால் அதற்கும் தடங்கல் வரும். எனவே கடைசிப் படகுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாளாவது விடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின இரவிலும் அன்று காலையிலும் கால்மேக் இணையதளத்தில் சேவை நிலவரத்தைப் பாருங்கள்.

மூட்டையில் மழைச்சட்டையோடு கொசுவைவிடச் சிறிய 'மிட்ஜ்' பூச்சிகளுக்கான மருந்தும் இருக்கட்டும். காற்று அடித்தால் அவை வராது. காற்று நின்றால் படகு ஓடும், பூச்சியும் வரும்.