வீட்டிலேயே கார் பாலிஷ்: முதல் பஃபிங் மெஷினை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கறுப்பு, அடர்நீலம், சிவப்பு நிறக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை நன்றாகத் தெரியும். நிழலில் பளபளவென்று நிற்கும் வண்டி, வெயிலுக்கு வந்ததும் பானெட் முழுக்க வட்ட வட்டமான மெல்லிய கீறல்களைக் காட்டும். பெரும்பாலும் காலையில் காய்ந்த துணியால் தூசி துடைப்பதால் வருவதுதான் இது. தூசியில் இருக்கும் மணல் துணியோடு சேர்ந்து பெயிண்ட் மேல் இழுபடுகிறது. கடைக்காரர்கள் இதை ஸ்வர்ல் மார்க் என்பார்கள். கையால் தேய்த்து இதைப் போக்குவது கடினம், மெஷின் வேண்டும். எந்த மெஷின் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மெஷின் தேவையா என்று முதலில் பாருங்கள்

வண்டியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நிழலில் நிறுத்தி, போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். கீறல் தெரியும் இடத்தில் குறுக்காக நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்கினால் அது ஆழமான கீறல். எந்த மெஷினாலும் அதை முழுதாக எடுக்க முடியாது, எடுக்க முயலவும் கூடாது.

ஏன் என்றால், இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். ஒரு தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். பாலிஷ் போடுவது என்றால் அந்தப் படலத்தின் மேற்பரப்பை மிக மெல்லிசாகச் சீவி எடுப்பது. சீவியது திரும்ப வராது. அதனால் முதல் மெஷின் வாங்குபவர், கை கொஞ்சம் தடுமாறினாலும் பெயிண்டைப் பறிகொடுக்காத மெஷினாகப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாத் தேர்வுக்கும் அடிப்படை இதுதான்.

மேட் ஃபினிஷ் பெயிண்ட், அல்லது மேலே ஸ்டிக்கர் ராப் ஒட்டிய வண்டி என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம், பாலிஷ் போடக் கூடாது. வெறும் வாக்ஸ் பூசுவதுதான் நோக்கம் என்றாலும் மெஷின் வேண்டாம். ஒரு ஸ்பாஞ்சும் நல்ல மைக்ரோஃபைபர் துணியும் போதும். பத்து அங்குலத் தட்டில் துணி உறை மாட்டி, குறைந்த விலைக்கு விற்கும் வாக்ஸ் மெஷின்களும் அதே வேலையைத்தான் செய்யும். ஸ்வர்ல் மார்க் அதில் போகாது.

படி 2: எப்படிச் சுழல்கிறது என்று பாருங்கள்

டிங்கரிங், பெயிண்டிங் கடைகளில் நாம் பார்க்கும் மெஷின் ரோட்டரி. பெயிண்டைத் தேய்க்கும் மெத்தை போன்ற பேட் ஒரே அச்சில், ஒரே திசையில் சுற்றும். பாஷ் கம்பெனியின் ஜிபிஓ வரிசை மெஷின்கள் இந்த வகை. பெயிண்டை வேகமாகச் சீவும், அதே வேகத்தில் சூடும் ஏற்றும். ஒரே இடத்தில் சில நொடி கூடுதலாக நின்றால் கிளியர் கோட் கருகிவிடும். கதவு விளிம்பு, பானெட் மடிப்பு போன்ற இடங்களில் பெயிண்ட் மெலிந்திருக்கும், அங்கே ஆபத்து இரட்டிப்பு. பழகாத கை ரோட்டரியைப் பிடித்தால், வெயிலில் மட்டும் தெரியும் வளைவு வளைவான நிழல்கோடுகளை வண்டி முழுக்க விட்டுவிடும். அனுபவம் உள்ளவர் கையில் அருமையான கருவி. முதல் மெஷினாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டிஏ, இரண்டு அசைவு கொண்டது. பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே, சிறு வட்டத்திலும் ஆடும். நாம் அதிகம் அழுத்தினால் சுற்றுவது நின்று, வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. புதியவருக்கோ பெயிண்டைக் காப்பாற்றுவதே இதுதான். மெதுவாக வேலை செய்யும், ஆனால் சூடு குறைவு. வீட்டுக்கு வாங்க வேண்டியது இதைத்தான்.

நடுவில் ஒரு வகை உண்டு. டிஏ போலவே ஆடும், ஆனால் கியர் வைத்துக் கட்டாயமாகச் சுழற்றும். ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் எக்ஸ்சி 3401 இதில் பெயர் பெற்றது. அழுத்தினாலும் நிற்காது. இரண்டாவது மெஷினாக யோசிக்கலாம்.

ஆங்கிள் கிரைண்டரில் பஃபிங் பேட் மாட்டிப் பாலிஷ் போடும் வீடியோக்களைப் பார்த்து மயங்காதீர்கள். சாதாரண 100 மி.மீ. கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் போகும். பாலிஷ் ரோட்டரியே உச்சத்தில் 3,000 அளவில்தான் ஓடும். டிரில்லில் மாட்டும் பேட், மங்கிய ஹெட்லைட்டைத் தெளிவாக்க உதவும். அதோடு சரி.

படி 3: ஆர்பிட்டும் பிளேட்டும்

டிஏ என்று முடிவானதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பேட் ஆடும் அந்தச் சிறு வட்டத்தின், அதாவது ஆர்பிட்டின், விட்டம் எவ்வளவு என்பது. 8, 15, 21 மி.மீ. என்று மூன்று அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. இத்தாலியின் ரூப்ஸ் கம்பெனி 15, 21 ஆர்பிட்டைப் பிரபலமாக்கியது. அந்த மெஷின்கள் இங்கே ஐந்து இலக்க விலை. அதே அளவுகளில் மலிவான மெஷின்களும் இப்போது வருகின்றன.

பெரிய ஆர்பிட் என்றால் ஒரே நேரத்தில் அதிகப் பரப்பைத் தொடும், வேலை சீக்கிரம் முடியும். அதனால் 21 வாங்கிவிடலாமே என்று தோன்றும். பொறுங்கள், உங்கள் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். ஸ்விஃப்ட், ஆல்ட்டோ, ஐ10 மாதிரி வண்டியில் தட்டையான பரப்பு எங்கே இருக்கிறது? கூரையும் பானெட்டின் நடுப்பகுதியும்தான். மற்றதெல்லாம் வளைவும் மடிப்பும். 21 ஆர்பிட்டுக்கு ஆறு அங்குல பிளேட், அதாவது பேடை ஒட்டும் தட்டு, பொருத்துவது வழக்கம். வளைவில் அதன் பேட் பாதி தொட்டும் பாதி தொடாமலும் சுழல மறுக்கும். ஸ்கார்ப்பியோ, இன்னோவா அளவு வண்டிக்கு அது பொருந்தும். சிறிய கார், செடான் வைத்திருப்பவர்கள் ஐந்து அங்குல பிளேட்டுடன் 15 மி.மீ. வாங்குங்கள். கையில் காசு குறைவென்றால் 8 மி.மீ. டிஏ போதும். அமெரிக்காவில் வீட்டுப் பயனாளர்களைப் பழக்கிய போர்ட்டர்-கேபிள் 7424 எக்ஸ்பி அந்த அளவுதான்.

பேட் பிளேட்டைவிட அரை அங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டின் கெட்டியான விளிம்பு பெயிண்டில் இடிக்கும். மெஷினுடன் வந்த பிளேட்டைக் கழற்றிக் கண்ட பிளேட்டை மாட்டவும் கூடாது. உள்ளே இருக்கும் எதிர் எடை அந்த அளவுக்காகவே சமன் செய்யப்பட்டது, மாற்றினால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும்.

படி 4: பெட்டி மேல் இருக்கும் எண்கள்

டிஏ பெட்டியில் 6,800 என்றும் ரோட்டரி பெட்டியில் 3,000 என்றும் இருந்தால் டிஏ இரு மடங்கு வேகம் என்று அர்த்தமில்லை. முதலாவது நிமிடத்துக்கு எத்தனை ஆட்டம் என்பது, இரண்டாவது எத்தனை சுற்று என்பது. இரண்டையும் ஒப்பிட முடியாது.

வாட்டில் ரொம்ப ஆசைப்பட வேண்டாம். 600 முதல் 900 வாட் வரை வீட்டு வேலைக்குத் தாராளம். 900 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4 ஆம்பியர்தான் இழுக்கும், சாதாரண பிளக் பாயிண்ட் தாங்கும். எக்ஸ்டென்ஷன் ஒயர் மட்டும் தடிமனாக, முழுவதும் விரித்த நிலையில் இருக்கட்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் யாராவது வாங்கி வருவதாகச் சொன்னால், அது 120 வோல்ட் மெஷின் என்பதை நினைவூட்டுங்கள். நேராகச் சொருகினால் மோட்டார் போய்விடும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டயல் கட்டாயம். ஸ்விட்ச் போட்டதும் மெதுவாகக் கிளம்பும் வசதி இருந்தால், பேடில் பூசிய பாலிஷ் பசை (காம்பவுண்ட்) சட்டையில் தெறிக்காது.

படி 5: தூக்கிப் பாருங்கள்

ஒரு வண்டிக்கு நான்கைந்து மணி நேரம் எளிதாகப் பிடிக்கும். கதவுகளுக்கு மெஷினைப் படுக்கைவாட்டில் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டரைக் கிலோவைத் தாண்டினால் தோள்பட்டை பதில் சொல்லும். முடிந்தால் டூல்ஸ் கடைக்கே போய், கையில் பிடித்து, ஓடவிட்டுப் பாருங்கள். மோட்டாரில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் எங்கே என்றும் கேளுங்கள். பேட்டரி மெஷின் வசதிதான், ஆனால் முழு வண்டிக்கு ஒரு பேட்டரி போதாது.

படி 6: பேடுக்குப் பணம் மிச்சம் வையுங்கள்

மெஷினுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு ஒரே பேடோடு வீடு திரும்புபவர்கள் அதிகம். நடுத்தர ஃபோம் பேட் மூன்று, மென்மையானது இரண்டு குறைந்தபட்சம் வேண்டும். பேட் சூடாகி, காம்பவுண்ட் அடைத்துக்கொண்டால் மாற்ற வேண்டும் அல்லவா? பேடின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொன்றின் ஆரஞ்சுக்குச் சமமல்ல. நடுத்தர பாலிஷ் ஒரு பாட்டிலில் தொடங்குங்கள். கடுமையான ரப்பிங் காம்பவுண்டைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஓட்டிப் பார்க்கும் முறை

பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது கோடு கலைந்து தெரிந்தால் பேட் சுழல்கிறது. கோடு அப்படியே நின்றால் நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள், அல்லது சாய்த்துப் பிடிக்கிறீர்கள்.

மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எதுவும் வண்டியில் உரசக் கூடாது. லுங்கி, துப்பட்டா முனை தொங்கவே கூடாது. ஒயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். பம்பர், கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரம் போதும். பேடில் பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு பாலிஷ். பேடைப் பெயிண்டில் வைத்த பிறகே ஸ்விட்ச் போட வேண்டும், அணைத்த பிறகே தூக்க வேண்டும். டயல் 1-இல் பரப்பி, 4-க்கு ஏற்றி, நொடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில் குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை ஓட்டுங்கள். துடைத்தபின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து ஒருமுறை துடைத்தால், பாலிஷ் எண்ணெய் மூடி மறைத்த கீறலும் வெளியே வந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் மிச்சம் இருந்தால் பேடையோ பாலிஷையோ ஒரு படி கடுமையாக்கி, அதே சதுரத்தில் மறுபடி. பழைய அம்பாசடர், பத்மினியில் கம்பெனி பெயிண்ட் இருந்தால் பேடில் வண்டியின் நிறமே ஏறும். கிளியர் கோட் இல்லாத பெயிண்ட் அப்படித்தான், பயப்பட வேண்டாம்.

வேலை முடிந்ததும் பேடைப் பிளேட்டோடு ஒட்டியபடி விடாதீர்கள், சூட்டில் வெல்க்ரோ கெட்டுவிடும். கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள்.