பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தியது யார்? ஒரு மணி நேர வேதபாடம் நடத்தும் முறை

"தேவன் சர்வவல்லவர் என்றால் தீமை எங்கிருந்து வந்தது?" என்று தலைப்பு வைத்துத் தொடங்காதீர்கள். எப்போதும் பேசுகிற இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். யாத்திராகமத்தில் ஆரம்பியுங்கள்: இஸ்ரவேலரை விட மறுத்த எகிப்து ராஜாவான பார்வோன்மேல் பத்து வாதைகள் வந்த பகுதி. பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு வேதாகமம், ஒரு சார்ட் தாள் போதும்.

சார்ட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: "கடினப்பட்டது", "பார்வோன் கடினப்படுத்தினான்", "கர்த்தர் கடினப்படுத்தினார்". ஒவ்வொரு வாதைக்குப் பிறகும் வினை எப்படி வருகிறது என்று வாசித்து, வசன எண்ணை உரிய பத்தியில் எழுதச் சொல்லுங்கள். 7:22, 8:19, 9:7 முதல் பத்தி. 8:15, 8:32, 9:34 இரண்டாவது. 9:12, 10:20, 10:27 மூன்றாவது. இதற்கே 25 நிமிடம் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம்.

எழுதி முடித்ததும் அவர்களே கவனிப்பார்கள்: முதல் ஐந்து வாதைகளில் மூன்றாம் பத்தி காலி. ஆறாவதான கொப்புளத்துக்குப் பிறகுதான் அதில் எண் விழுகிறது. அதன் பிறகும், கல்மழை நின்றவுடன், பார்வோன் தானே மனதைக் கடினப்படுத்துகிறான். "அவன் முதலில் தேர்ந்தெடுத்தான், தேவன் பிறகு விட்டுவிட்டார்" என்று யாராவது சந்தோஷமாக முடிக்கப் பார்ப்பார்கள். அங்கே 4:21, 7:3 இரண்டையும் வாசிக்க வையுங்கள். முதல் வாதை வரும் முன்பே, கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் மோசேயிடம் சொல்லிவிட்டார். தேவனுடைய தீர்மானமே முதல் என்னும் கால்வின் வழியினர் இந்த முன்னறிவிப்பைப் பிடிக்கிறார்கள், மனிதனுடைய தேர்வுக்கு இடம் கொடுக்கும் ஆர்மினியஸ் வழியினர் அந்த வரிசையைப் பிடிக்கிறார்கள். 1947ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் பிரெஸ்பிட்டேரியனும் (கால்வின் வழி) மெதடிஸ்டும் (ஆர்மினியஸ் வழி) சேர்ந்தே வந்ததால், ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கலாம். தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையல்ல.

அடுத்த 15 நிமிடம் தாவீது எடுத்த குடிக்கணக்கு. 2 சாமுவேல் 24:1ல் கர்த்தருடைய கோபம் மூண்டு தாவீது ஏவப்படுகிறான். அதே சம்பவத்தை 1 நாளாகமம் 21:1 சொல்லும்போது ஏவிவிடுவது சாத்தான். ஆனால் 2 சாமுவேல் 24:10ல் தாவீது கர்த்தரையும் சொல்லவில்லை, சாத்தானையும் சொல்லவில்லை. பாவம் செய்தது நான் என்கிறான். ஒரே செயலுக்கு மூன்று பேர், மூவருக்கும் ஒரே நோக்கமில்லை. இதை விளக்க, நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடித்தார் என்று யோசேப்பு தன் சகோதரரிடம் சொன்னதை (ஆதியாகமம் 50:20) சேர்த்துக்கொள்ளலாம்.

பாடம் வழக்கமாகத் தடம் புரளுவது கடைசிக் கேள்வியில். தீமையின் தொடக்கம் எது என்றால், "லூசிபர்", அதாவது பெருமையால் விழுந்து சாத்தானான தூதன், என்று உடனே பதில் வரும். ஏசாயா 14:12ஐ 4ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். அது பாபிலோன் ராஜாவைப் பற்றிய பாடல். அதை விழுந்த தூதனுக்கும் பொருத்துவது பழைய மரபு, தவறென்று சண்டை போட வேண்டாம். ஆனால் அது கேள்வியை ஒரு படி பின்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான்: அந்தத் தூதனுக்குப் பெருமை எங்கிருந்து வந்தது? பழைய திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் சொன்ன பதில், தீமை படைக்கப்பட்ட பொருளல்ல, நன்மையின் குறைவு என்பது. பல்லில் விழும் சொத்தையைச் சொல்லுங்கள்: பல் இல்லாமல் சொத்தை இல்லை. "வலிக்கிறதே!" என்று ஒருவர் கேட்டால் அந்த உவமையின் எல்லை அதுதான் என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 3ஆம் அதிகாரமும் பாம்புக்குள் தீமை எப்படி வந்தது என்று சொல்லவில்லை.

ஏசாயா 45:7ல் "தீங்கையும் உண்டாக்குகிறவர்" என்றிருப்பதைத் தனியாக எடுத்து நீட்டுவார்கள். அங்கே சமாதானத்துக்கு எதிராக நிற்கும் சொல் அது. பேரழிவைக் குறிக்கிறது என்றே பலர் கொள்கிறார்கள். தேவன் ஒருவனையும் தீமைக்கு இழுப்பதில்லை என்னும் யாக்கோபு 1:13ஐப் பக்கத்தில் வையுங்கள்.

"எல்லாம் தலையெழுத்து" என்று ஒருவர் பெருமூச்சு விட்டால் யோனா 3:10. நாற்பது நாள் கெடு அறிவித்த பிறகும் நினிவே தப்பியது. தலையெழுத்திடம் யாரும் மன்றாட முடியாது.

குழுவில் அண்மையில் துக்கம் கண்ட வீட்டார் இருந்தால் இந்தப் பாடத்தை ஒத்திப்போடுங்கள். சொத்தைப் பல் உவமை அங்கே எடுபடாது.

ரோமர் 9ஐ இன்று திறக்க வேண்டாம், நேரம் போதாது. 9 முதல் 11 வரை ஒரே மூச்சில் வாசித்து வரச் சொல்லுங்கள். 9:17ல் பார்வோன் மறுபடி வருவான், அதனால் சார்ட்டைச் சுருட்டிப் பத்திரமாக வையுங்கள்.