நகல் மஸ்கெட்டைக் காலத்துக்குப் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861–1865) மறுநடிப்போர் ஏந்துபவை பெரும்பாலும் இத்தாலியில் தயாரான நகல் மஸ்கெட்டுகள், அதாவது குழலின் வாய்வழியே மருந்திடும் நீண்ட துப்பாக்கிகள். பிரிட்டனின் 1853 மாதிரி என்ஃபீல்டும் அமெரிக்காவின் 1861 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டும் அவற்றுள் மிகுதி. தொலைவிலிருந்து பார்த்தால் குறை தெரியாது. அருகில் வந்தால், மினுங்கும் வார்னிஷும், குழலின் மேலேயே பொறித்த தயாரிப்பாளர் பெயரும், கறுப்பு வெடிமருந்தை மட்டுமே பயன்படுத்துமாறு கூறும் எச்சரிக்கையும் குட்டை உடைத்துவிடும்.

இவற்றைத் திருத்த முனைவோர் செய்யும் பெரிய தவறு, துப்பாக்கியைப் பழையதாக்குவதே. அருங்காட்சியகங்களில் நூற்றைம்பது ஆண்டுக் கறுப்பு ஏறிய துப்பாக்கிகளையே பார்த்துப் பழகியவர்கள், அமிலம் பூசியும் மரத்தைக் கீறியும் அதே தோற்றத்தை வரவழைக்கின்றனர். 1862இல் வீரனின் கையில் இருந்ததோ அண்மையில் செய்யப்பட்ட துப்பாக்கி; ஆயுதச் சோதனையில் துருவோடு நின்றால் அதிகாரி விட்டுவைக்கமாட்டார். ஸ்பிரிங்ஃபீல்டின் குழல், பூட்டுத் தகடு (சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகடு), பட்டைகள் ஆகியவை சாயமேற்றாமல் உலோகத்தின் நிறத்திலேயே மெருகிடப்பட்டவை. என்ஃபீல்டின் குழலுக்கு மெதுவாகத் துருவேற்றித் தேய்க்கும் முறையில் நீலம் ஏற்றப்பட்டது. இன்றைய சூடான உப்புக் கரைசல் தரும் ஆழ்ந்த கறுப்புப் பளபளப்பு அதற்கு ஒத்துவராது. சில படைப்பிரிவுகள் அந்த நீலத்தையே தேய்த்து நீக்கியதும் உண்டு என்பதால், நீங்கள் நடிக்கும் படைப்பிரிவைப் பற்றி முதலில் படித்துவிட்டு அரத்தை எடுப்பது நல்லது.

முத்திரைகளில் நேரும் பிழை நுட்பமானது. பூட்டுத் தகட்டில் கிரீடத்தின் கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் உடைமை என்று பொருள். அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட பர்மிங்ஹாம் தயாரிப்புகளில் பொதுவாகக் கிரீடம் மட்டுமே இருக்கும். அதோடு லண்டன் கோபுரத்தைக் குறிக்கும் டவர் என்ற சொல்லும் ஆண்டும் காணப்படும். குழலில் உள்ள 25 என்ற எண் அக்கால அளவுமுறையில் அதன் உள்விட்டத்தை, அதாவது .577 அங்குலத்தை, குறிக்கிறது. ஆண்டையும் கவனியுங்கள்: 1862 செப்டம்பர் 17 அன்று நடந்த ஆன்டீட்டம் போரை நடிக்கையில் தகட்டில் 1863 என்றிருந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். ஐந்தடி தள்ளி நிற்கும் பார்வையாளர் இதைக் கண்டுகொள்ளமாட்டார். உங்கள் அணியில் நிற்பவர் கண்டுகொள்வார்.

மரவேலையில் அவசரம் கூடாது. வார்னிஷை நீக்கியதும் உப்புத்தாளால் எல்லா இடத்தையும் ஒரே சீராகத் தேய்ப்பவர்கள், பூட்டுத் தகட்டைச் சுற்றியுள்ள விளிம்பையும் மழுக்கிவிடுகின்றனர். அவ்விடத்தில் மரம் உலோகத்தைவிட மயிரளவு உயர்ந்தே இருக்க வேண்டும்; ஆகவே தகட்டைப் பொருத்தியபடி, தட்டையான கட்டையில் சுற்றிய தாளால் தேய்க்க வேண்டும். நகல்களின் முன்பகுதியும் கைப்பிடிக் கழுத்தும் பருத்திருப்பதால் அங்கே தாராளமாகக் குறைக்கலாம். முடிவில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானாகவே தீப்பற்றக்கூடும், விரித்துக் காயவிடுங்கள்.

குழலிலுள்ள நவீன எழுத்துகளைச் சுழலும் இயந்திரத்தால் ஓரிடத்தில் மட்டும் குடைந்து எடுப்பது அழகையும் கெடுக்கும், ஆபத்தையும் வரவழைக்கும். வெடிப்பின் அழுத்தம் முழுவதையும் தாங்கும் பின்முனைப் பகுதியில் அது இன்னும் மோசம். அரத்தை நீளவாக்கில் இழுத்துப் பரவலாகத் தேய்க்க வேண்டும். எழுத்து மிக ஆழமென்றால் அப்படியே விட்டுவிடலாம்.

வரிசை எண்ணை அழிக்கவே கூடாது. முன்புறம் மருந்திடும் நகல்களை அமெரிக்கக் கூட்டரசின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் பொதுவாக விலக்கி வைத்தாலும், மாநிலச் சட்டங்கள் வேறுபடுகின்றன. நகல் என்பதற்கான குறியையும் தயாரிப்பு ஆண்டையும் மரத்துக்குள் மறையும் குழலின் அடிப்பக்கத்தில் பொறித்துவையுங்கள். இல்லையேல் சில கைகள் மாறிய பிறகு, நீங்கள் திருத்திய அதே துப்பாக்கி அசல் என்ற பெயரில் ஏலத்துக்கு வரும்.