வரிப்பத்திரம் எடுக்கப் போகுமுன் புகையைப் பாருங்கள்

சாரதி அனுமதிப்பத்திரமும் லைசன், வண்டிக்கு ஆண்டுதோறும் எடுப்பதும் லைசன். இங்கே சொல்லப்போவது இரண்டாவதைப் பற்றி, அதாவது நாம் வரிப்பத்திரம் என்று சொல்லும் வருமான அனுமதிப்பத்திரம்.

தேவையானவை புகைச் சான்றிதழ், இன்சூரன்ஸ், பழைய வரிப்பத்திரம். லொறி, பஸ் என்றால் தகுதிச் சான்றிதழும் வேண்டும். சிஆர், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ், அதன் பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும். நேரே பிரதேச செயலகத்தில் போய் நிற்காதீர்கள். முதலில் புகை, அடுத்தது இன்சூரன்ஸ், கடைசியில்தான் வரி. புகைப் பரிசோதனையில் வண்டி தோற்றால் திருத்த நாள் வேண்டும். அதனால் பத்திரம் முடிய மூன்று, நான்கு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள்.

புகைப் பரிசோதனை

குளிர்ந்த எஞ்சினோடு போகாதீர்கள். நிலாவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்கு வருபவருக்கு அந்த ஓட்டமே போதும். டவுனுக்குள் இருப்பவர் பத்து நிமிடமாவது ஓடிவிட்டுப் போகவேண்டும். குளிர்ந்த எஞ்சினை எடுக்க இழுக்கும் சோக் முழுதாக உள்ளே தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெற்றோல் வண்டியில் இரண்டு அளவு பார்ப்பார்கள். காபன் மொனொக்சைட் கூடினால் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் போகிறது. பெரும்பாலும் அடைத்த எயார் ஃபில்டர்தான் காரணம். ஹைட்ரோகாபன் கூடினால் பெற்றோல் எரியாமலே வெளியே வருகிறது; பிளக், வால்வ் இடைவெளி இரண்டையும் பார்க்கவேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோவில் ஓயிலை அளவுக்கு மேல் கலப்பதும் இதைத்தான் செய்யும்.

ஃபில்டர், பிளக், அதன் பிறகே காபரேட்டர். இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். அடைத்த ஃபில்டரோடு, காபரேட்டரில் பெற்றோல், காற்றுக் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்குருவைத் திருகி அளவைச் சரிக்கட்டினால், ஃபில்டர் மாற்றிய அன்றே எல்லாம் குழம்பும். ஸ்குரு எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்தும், உள்ளே திருகக் குறையும். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கு, வெளியே திருகத்தான் கலவை மெலியும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகிவிட்டு மெஷினைக் குறை சொல்பவர்கள் நிறைய. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். மிகவும் மெலிந்தால் ஐடிலில் நின்றுவிடும், எஞ்சினும் சூடேறும்.

நம்மூரில் உப்புக்காற்று சைலன்சரைத் தின்றுவிடும். ஓட்டை வழியே வெளிக்காற்று கலந்தால் மெஷின் காட்டும் அளவு பிழையாகிவிடும். போகுமுன் மூட்டுகளில் கருப்புக்கறை இருக்கிறதா பாருங்கள். ஒட்டுப்பசை சூட்டில் உரிந்துவிடும், வெல்டிங்தான் சரி.

இன்சூரன்ஸ்

மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி போதும். ஆனால் அது உங்கள் வண்டியால் பாதிக்கப்பட்டவருக்கானது. உங்கள் மட்கார்டுக்கு ஒரு சதமும் வராது. ஓரளவு புதிய வண்டிக்கு முழுக் காப்புறுதியே எடுங்கள். பத்துப் பதினைந்து வருட பைக்குக்கு அது வீண்செலவு.

இன்சூரன்ஸ் காட் கைக்கு வந்ததும் வண்டி இலக்கம், செஸி (வண்டிச் சட்டம்) இலக்கம் இரண்டையும் சிஆரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், திகதியும் சரியா என்று பாருங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் அடுத்த படியில் நிற்கவேண்டிவரும். எஞ்சின் மாற்றியிருந்தால் சிஆரிலும் மாற்றியிருக்கவேண்டும்.

வரி

காகிதம் சரியென்றால் இது சின்ன வேலை. பிரதேச செயலகத்தில் கட்டலாம், இணையத்தில் வங்கிக் காட்டாலும் கட்டலாம். இணையம் காப்புறுதி விபரத்தை ஏற்கவில்லை என்றால், கம்பனி இன்னும் அதைப் பதிவேற்றாமல் இருக்கலாம். முகவருக்கு அழைத்துச் சொல்லுங்கள். கிடைத்த பத்திரம் காரில் முன்கண்ணாடியின் இடப்பக்கம் ஒட்டவேண்டும்.

பிறகு சேர்த்தது

வண்டி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால்? வரி கட்டிவிடலாம் என்று அப்படியே ஓடுபவர்கள் உண்டு. விபத்து நடந்தால் காப்புறுதிப் பணம் கேட்கும்போதுதான் வினை தெரியும். வாங்கிய கையோடு பெயர் மாற்றுங்கள்.

வீட்டில் சும்மா நிற்கும் வண்டிக்கும் வரி நிற்காது. பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவேண்டும். இல்லையென்றால் அடுத்தமுறை எடுக்கும்போது நிலுவையும் தாமதக் கட்டணமும் சேர்ந்தே வரும்.