ஊர்ப் பெயரில் 'தாங்கல்' இருக்கா?

மனை வாங்கப் போறவங்க முதல்ல ஊர்ப் பெயரைக் கவனிங்க. தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிறிய பாசன ஏரி. வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டுவதே அப்படியொரு ஏரிக்குள்தான். சென்னையில் பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று பெயரிலேயே தண்ணீர் நிற்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் 'ஏந்தல்' என்பார்கள், அதுவும் நீர்நிலைதான்.

பெயரை வைத்து மட்டும் இடத்தை ஒதுக்கிவிட வேண்டாம். ஊர் பெரிது, ஏரி ஒரு மூலைதான். ஆனால் அந்த மனையின் சர்வே எண்ணை 'அ' பதிவேட்டில் (நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) கட்டாயம் பாருங்கள். தமிழக அரசின் இ-சேவை தளத்திலேயே பார்க்கலாம். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால் தொடவே தொடாதீர்கள். நேரில் போனால் பழைய கரை, மதகு, கலங்கல் (ஏரியின் உபரி நீர் வெளியேறும் இடம்) எங்கே என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கலங்கலுக்குக் கீழே உள்ள மனையென்றால், ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும்.